பேர் இருந்தபோது தேர்தல் இல்லை

எனக்கு அரசியல் கருத்து இருக்கிறது. வாக்குத்தான் இல்லை.

இந்த மண்ணில்தான் பிறந்தேன். அம்மா இங்கே பிறந்தவர். அம்மாயியும் இங்கே பிறந்தவர். பதினெட்டு வயது எப்போதோ தாண்டிவிட்டது. அடையாள அட்டை சட்டைப் பையில் கிடக்கிறது. எந்த வழக்கிலும் மாட்டவில்லை, யார் சொத்தையும் திருடவில்லை. ஆனாலும் 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில், ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சம் பெயர்கள் அடங்கிய வாக்காளர் இடாப்பில் என் பெயர் இல்லை. நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அப்போதும் இல்லை. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல். அதற்கும் இல்லை.

அந்த ஜனாதிபதித் தேர்தல் முடிந்து கல்லூரிக்குப் போனபோது எல்லாருடைய இடது கைச் சின்னவிரலிலும் மை. சிங்களப் பெடியன்கள், முஸ்லிம் பெடியன்கள், வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளைகள், எல்லாரும் விரலைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “மச்சான், நீ யாருக்குப் போட்டே? அனுரவா, சஜித்தா?” என்று கேட்டான் ஒருவன். அவன் கேட்டதில் குற்றம் இல்லை. பதில்தான் தொண்டையில் நின்றது. அந்தத் தேர்தலைப் பற்றி வகுப்பில் என்னளவுக்குப் படித்தவன் இருந்திருக்க மாட்டான். வாக்குச்சீட்டில் இருந்த முப்பத்தொன்பது பெயர்களில் பாதியையாவது சொல்லுவேன். இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கை எப்படி எண்ணுவார்கள் என்று பக்கத்து அறைக்காரனுக்குப் படம் போட்டுக் காட்டியவன் நான். இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக அந்த விருப்பு வாக்குகளை எண்ணவேண்டி வந்த தேர்தல் அது. முதற்சுற்றில் அனுரகுமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கு முழுவதும் எனக்குத் தெரியும். கணக்கில் நான் இல்லை, அவ்வளவுதான்.

இதிலே வயிறெரிய வைப்பது எதுவென்றால், ஒரு காலத்தில் என் பெயர் இருந்தது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து முகவரியில், முறைப்படி இருந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். வாழ்க்கையில் முதல் வாக்கு. அம்மாயி என்னைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக லயம் முழுவதும் சொல்லிவைத்திருந்தார். பிறகு திறைசேரியில் காசு இல்லை என்றார்கள். வாக்குச்சீட்டு அச்சடிக்கப் பணம் இல்லையாம். தேர்தல் நின்றது. நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தேர்தல் நடத்தப் பணம் கொடுக்காதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எப்போது? 2024 ஆகஸ்ட் 22இல். அதற்குள் நான் படிக்க வந்து இரத்மலானையில் ஒரு மேல்மாடி அறையில் குடியிருக்கிறேன். தோட்டத்தில், “பையன் இங்க இல்லைதானே” என்று சொல்லிப் பெயரை வெட்டியாயிற்று.

பேர் இருந்தபோது தேர்தல் இல்லை. தேர்தல் வந்தபோது பேர் இல்லை.

சரி, இங்கே பதியலாம் என்றால் படிவத்தில் வீட்டின் பிரதான குடியிருப்பாளர் கையெழுத்து வேண்டும். கிராம சேவகரிடம் போனேன். நல்ல மனிதர்தான். “வீட்டுக்காரர் போட்டுத் தந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை” என்றார். வீட்டுக்கார அன்ரியிடம் போனேன்.

“அன்ரி, வோட்டு போடுறதுக்கு மட்டுந்தாங்க. வேற ஒண்ணுக்கும் இல்லீங்க.”

“அது சரிவராது தம்பி. பேர் பதிஞ்சால் பிறகு வீட்டில உரிமை எண்டு நிப்பினம். எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கு நடந்திருக்கு. நீர் படிக்க வந்த பிள்ளை, படியும்.”

1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குக் கொடுத்த பாதுகாப்பு, அரை நூற்றாண்டு கழித்து என் வாக்கைத் தின்றுவிட்டது. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில், தெஹிவளையில் அறை எடுத்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

ஆனால் பொலிஸிலிருந்து குடியிருப்போர் விபரம் கேட்டு ஒரு படிவம் வந்தது. அதில் அன்ரி முத்து முத்தாக என் பெயரை எழுதினார். அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர், சொந்த ஊர், எப்போது வந்தான், எதற்கு வந்தான், எல்லாம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆக நான் எங்கே படுத்துத் தூங்குகிறேன் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். சந்தேக நபராக இருக்க எனக்கு முகவரி உண்டு. வாக்காளனாக இருக்கத்தான் முகவரி இல்லை.

அன்ரியைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வருகிறது, மனது வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளில் வந்து, இந்தக் காலி வீதியோரம் வாழ்க்கையைக் கட்டியவர். 1983 ஜூலையில் என்ன நடந்தது என்று ஒரு நாள் மின்சாரம் இல்லாத இரவில் சொன்னார். கும்பல் வெறுங்கையோடு வரவில்லை. வாக்காளர் இடாப்போடு வந்தது. எந்த வீட்டில் தமிழர், எந்த வீட்டில் சிங்களவர் என்று பட்டியலைப் பார்த்துப் பார்த்து எரித்தார்கள். இது அன்ரி மட்டும் சொல்வதல்ல, அந்தக் கறுப்பு ஜூலையைப் பற்றி எழுதிய எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். வீடிழந்தவர்களை இதே இரத்மலானை விமான நிலையத்துக் கொட்டகைகளில் அடைத்துவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வருத்தம்!

ஆகவே அன்ரிக்குக் காகிதம் என்றாலே பயம். பட்டியலில் பெயர் இருந்த தமிழனை எரித்த ஊரில், பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் கதவைத் தட்டுகிறேன். எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அவருடைய பயத்துக்கு என் வாக்கா விலை?

தினமும் 101ஆம் இலக்க பஸ்ஸுக்கு மலிபன் சந்தியில் நிற்கும்போது கந்தவளைப் பக்கம் பார்வை போகும். இன்றைக்கு அங்கே கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் சேர் ஜோன் கொத்தலாவலையின் மாளிகை. நாட்டின் மூன்றாவது பிரதமர், இரத்மலானைக்காரர். 1954 ஜனவரியில் நேருவோடு ஓர் ஒப்பந்தம் செய்தவர். தோட்டத் தொழிலாளரை யார் எடுப்பது, யார் கழிப்பது என்ற பேரம் அது. அதே ஆண்டு யாழ்ப்பாணம் போய், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து தருவேன் என்று சொன்னவரும் அவர்தான். தெற்கில் கூச்சல் எழுந்தது. 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி ‘சிங்களம் மட்டும்’ என்று தீர்மானம் போட்டது. தேர்தல் வருகிறதல்லவா! இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு எட்டே ஆசனம். வாக்குக்காகத் தமிழனை விற்றார்கள், விற்ற காசும் கிடைக்கவில்லை. அந்த மதில் ஓரமாகத்தான் நான் நடந்து போகிறேன். எழுபது ஆண்டுகளில் என்ன மாறியது என்று கேட்டால், பஸ் கட்டணம் மாறியிருக்கிறது.

அம்மாயியின் அப்பா 1947இல் வாக்குப் போட்டவர். தலவாக்கலைத் தொகுதி. எங்களுக்கு யார் பாராளுமன்ற உறுப்பினர் தெரியுமா? ஒரு கவிஞர். சி. வி. வேலுப்பிள்ளை. கொழுந்து கிள்ளும் சனம் ஒரு கவிஞனைத் தெரிந்தெடுத்து அனுப்பியது. அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதுதான் குற்றமாகப் போயிற்று. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனத்தைப் பிரஜை இல்லாதவர்கள் ஆக்கியது. மறு ஆண்டு, பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்று தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனமும் துடைத்துவைத்த மாதிரி. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பதே முக்கால் இலட்சம் மனிதரைப் பங்கு போட்டார்கள். ஐந்தேகால் இலட்சம் உனக்கு, மூன்று இலட்சம் எனக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தக் கணக்கில் அம்மாயியின் அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறிக் கூடலூருக்குப் போனார். அங்கேயும் தேயிலைதான். அம்மாயி ‘பிறகு பார்ப்போம்’ பங்கில் நின்றார். 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவர் பிரஜை ஆனார். நாற்பது வயதைத் தாண்டிப் பேரப்பிள்ளை பார்க்கப் போகிற காலத்தில் முதல் வாக்கு.

அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. மழையில் போயிருக்கிறார், காய்ச்சலோடு போயிருக்கிறார், தோட்டத்துத் தலைவர்மார் சொன்ன சின்னத்துக்கும் போட்டிருக்கிறார், அவர்களைத் திட்டிக்கொண்டே மாற்றியும் போட்டிருக்கிறார். எனக்கு வாக்காளர் அட்டை வரவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது, “ஏன்டா, ஒன்னையும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிட்டாங்களா?” என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அவருடையதைப் பறித்தது இனவாதம் எழுதிய சட்டம். என்னுடையதைத் தின்றது ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: எண்பது ஆண்டுகளாக வாக்கு எங்கள் கைக்கு வருவதும் நழுவுவதுமாகவே இருந்தால், அதைத் தற்செயல் என்று இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

தமிழர் வாக்கு, சிறுபான்மை வாக்கு, தீர்மானிக்கும் சக்தி என்றெல்லாம் தேர்தல் வந்தால் தலையங்கம் எழுதுகிறார்கள். தீர்மானித்து என்ன கண்டோம்? 2010இல் மகிந்த ராஜபக்சவைத் தோற்கடிக்க, போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே தமிழ்ச் சனம் வாக்களித்தது. எரியிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தேடியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2015இல் மைத்திரிபால சிறிசேன. 2019இல் சஜித். அந்த ஆண்டு 52.25 வீதத்தோடு வென்ற கோட்டாபய ராஜபக்ச, அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய முன்னால் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்கால் வென்றேன் என்று நமக்கு நினைவூட்டினார். மூன்று ஆண்டு தாங்கவில்லை. 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடினார்.

அவரை ஓடவைத்த காலிமுகத்திடல் போராட்டத்தைத் தோட்டத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதிருக்கிறேன். தேசிய கீதத்தைத் தமிழில் பாடினார்கள். என் வயதுச் சிங்களப் பிள்ளைகள் கண்ணீர்ப்புகைக்குள் நின்றார்கள். இனி எல்லாம் வேறு என்று நம்பினேன். ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 பேர் வாக்களித்து ரணிலை ஜனாதிபதி ஆக்கினார்கள். 2020 தேர்தலில் ஒரு தொகுதியிலும் வெல்லாமல், தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே ஆசனத்தில் வந்தவர். மக்கள் வீதியில், வாக்கு சபைக்குள். அடுத்த மாதமே மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். அப்போதுதான் தெற்கிலே பலருக்கு அந்தச் சட்டத்தின் பல் எவ்வளவு கூர் என்று தெரிந்தது. 1979இல் ‘தற்காலிகம்’ என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம். வடக்கில் பிள்ளைகள் அந்தப் பல்லில் நாற்பது ஆண்டுகளாக அரைபடுகிறார்கள். பெயர் தெரிந்த சிங்கள மாணவனுக்காக ஊர்வலம் போன என் நண்பர்களை நான் மதிக்கிறேன். 2019 மே மாதம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் ஒரு படத்துக்காகப் பிடித்தபோது ஏன் கொழும்பில் ஒரு பதாகையும் தூக்கவில்லை என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை.

எங்கள் மலையகத் தலைவர்மாரைப் பற்றி என்ன சொல்ல? நாட்கூலி ஆயிரம் ரூபா என்று ஒரு தேர்தல் ஓடியது. 1,700 ரூபா என்று 2024இல் வர்த்தமானி அடித்தார்கள், கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜனாதிபதித் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அடிப்படைச் சம்பளம் 1,350 என்று இன்னொரு வர்த்தமானி. பத்து நாள்! என் அம்மாவின் முதுகில் தொங்கும் கூடை தேர்தலுக்குத் தேர்தல்தான் அவர்கள் கண்ணில் படுகிறது. வடக்கு கிழக்குக்காகப் பொது வேட்பாளர் என்று பா. அரியநேத்திரன் நின்றார், 2,26,343 வாக்கு எடுத்தார். மலையகத்திலிருந்து மயில்வாகனம் திலகராஜா நின்றார். அவரைப் பற்றிக் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனை வரி எழுதின? நான் எடுத்துவைத்திருக்கிறேன், ஒரு கொப்பியில் அரைப் பக்கம்கூட வராது.

தேசிய மக்கள் சக்தியைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர்களுக்கு: இரண்டு மனது. அதன் மையமான ஜே.வி.பி. 1960களின் கடைசியில் தன் தோழர்களுக்கு எடுத்த வகுப்புகளில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று ஒன்று இருந்தது. எங்கள் தாத்தாமாரை இந்தியாவின் கைக்கூலி போலப் பார்த்த பாடம் அது. அதை மறக்கச் சொன்னால் மறக்க மாட்டேன். ஆனாலும் 2024 நவம்பரில் 159 ஆசனத்தோடு அவர்கள் வந்தபோது, நுவரெலியா மாவட்டத்தில் எட்டில் ஐந்தை எடுத்தபோது, நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனபோது, அறைக்குள் தனியாகக் கைதட்டினேன். எங்கள் சனத்தின் பெண்கள்! கொழுந்து நிறுத்தும் இடத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய வம்சம் அந்தச் சபையில் போய் உட்கார்ந்தது. அவர்களுக்கு எதிராகப் போட்டிருப்பேனா, ஆதரவாகப் போட்டிருப்பேனா என்பது வேறு கதை. போடும் வாய்ப்பு எனக்கு இருந்திருக்க வேண்டாமா?

இன்னொரு தேர்தல் இருக்கிறது, என் வயதுக்காரர் எவருமே காணாதது. மாகாண சபை. மேல் மாகாணத்துக்குக் கடைசியாக 2014 மார்ச்சில் நடந்தது. வட மாகாண சபையின் காலம் 2018இலும் மேல் மாகாண சபையின் காலம் 2019இலும் முடிந்தன. 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை வந்தது, 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. ஒன்பது மாகாணத்திலும் ஆளுநர் ஆட்சி. அதிகாரப் பகிர்வு வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். முதலில் அந்தத் தேர்தலை நடத்துங்கள், கத்துவதற்கு ஒரு சபையாவது இருக்கும். நடத்துவோம் என்று தேசிய மக்கள் சக்தியும் விஞ்ஞாபனத்தில் எழுதியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றும் எழுதியது. எழுதியதை வாசிக்க எங்களுக்கும் தெரியும் ஐயா.

இளைஞருக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்களே, அதைக் கேட்கும்போதுதான் இரத்தம் கொதிக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் மாணவர் காங்கிரஸ் கட்டினார்கள். பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆன அந்த அமைப்பு, முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று 1931 தேர்தலையே பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. சரியா பிழையா என்று இன்றும் சண்டை பிடிக்கலாம். என்னைக் கேட்டால், சர்வஜன வாக்குரிமை வந்த முதல் தேர்தலைக் கைவிட்டது பிழை. ஆனால் அவர்களுக்கு வேண்டாம் என்று தள்ளுவதற்காவது ஒரு வாக்கு இருந்தது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட அரச ஊழியர்கள் தபால் மூலம் வாக்களிக்கத் தகுதி பெற்றார்கள். ஆசிரியர், பொலிஸ், இராணுவம், தேர்தல் கடமைக்காரர். நல்லது. இரத்மலானை ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் மொனராகலைப் பெண்ணுக்கு ஏன் இல்லை? வெள்ளவத்தைக் கடையில் நிற்கும் மட்டக்களப்புப் பெடியனுக்கு ஏன் இல்லை? எனக்கு ஏன் இல்லை? ஊரில் பெயர் இருப்பவனும் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வாக்குப் போட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியிருக்கிறது. பஸ் காசு இல்லாதவன் போகமாட்டான். அவனைத்தான் பிறகு அக்கறை இல்லாதவன் என்பீர்கள்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை கல்லூரித் தலைவரின் சான்றிதழைக் காட்டி விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதியலாம், விரும்பினால் சொந்த ஊரிலேயே பெயரை வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் மாணவர் வீட்டு முகவரியிலும் படிக்கும் ஊர் முகவரியிலும் பதிந்துகொள்ளலாம், பொதுத் தேர்தலில் ஓரிடத்தில் மட்டும் போடவேண்டும். வானத்தை வில்லாக வளைக்கும் வேலை இல்லை. கல்லூரி அதிபர் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லது வாடகைக்கு இருப்பவன் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறினால் அது வீட்டுரிமைக்குச் சாட்சி ஆகாது என்று ஒரே ஒரு வாசகத்தைச் சட்டத்தில் எழுதுங்கள். அன்ரிக்கும் நிம்மதி. மூன்றில் இரண்டு பெரும்பான்மை கையில் இருக்கிறது. இதற்கு அது தேவையும் இல்லை. யாரும் எதிர்க்கப்போவதில்லை. எதிர்த்தால் எவர் எதிர்க்கிறார் என்று பார்த்துக்கொள்கிறோம்.

மாகாண சபைத் தேர்தலை என்றாவது ஒரு நாள் அறிவிப்பீர்கள். அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். செய்யாமல், வெண்சட்டை போட்டுக்கொண்டு இந்த ஒழுங்கைக்கு வந்து, என் மேல்மாடிப் படியேறி, கையைக் கூப்பி “தம்பி, உங்கட ஆதரவு எங்களுக்குத்தானே” என்று ஒரு வேட்பாளர் கேட்டாரானால், அவர் எந்தக் கட்சியானாலும், எந்த இனமானாலும், அந்தப் படிவத்தை அவர் கையில் கொடுத்து, கீழ்வீட்டு அன்ரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுவேன்.